சென்னியப்பனுக்குப் பதில் இவர்

பள்ளிபாளையத்தில் தறிச்சத்தம் நின்றால் கைக்குழந்தைகள் திடுக்கிட்டு விழித்து அழுத காலத்தில், காவிரிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் வேலாத்தாள் லைன் என்று ஒரு லைன் வீடு இருந்தது. எதிரும் புதிருமாக எட்டு வீடு, நடுவே ஆள் மேல் ஆள் உரசிப் போகும் ஒரு சந்து, சந்தின் முடிவில் ஒரு குழாய், குழாயடியில் எந்நேரமும் ஒரு வழக்கு. எட்டுக்கும் சொந்தக்காரியான வேலாத்தாள், புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு முகப்பிலிருந்த பெரிய வீட்டில் தனியாக இருந்தாள். லைனிலேயே பெரிய டிவி அவள் கூடத்தில்தான் இருந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு 'குங்குமக்கோட்டை' தொடங்கியதும் லைனின் பெண்கள் அத்தனை பேரும், அடுப்பிலிருந்ததை இறக்கிவைத்தும் இறக்க மறந்தும், அந்தக் கூடத்தில் வந்து சம்மணம் போட்டுவிடுவார்கள்.

குங்குமக்கோட்டையில் தேன்மலர் என்றொரு மருமகள், ஆதவன் என்றொரு புருஷன், வஜ்ரேஸ்வரி என்றொரு அண்ணி. தேன்மலர் அழுவாள், ஆதவன் அவள் கண்ணீரைத் துடைக்கப் பக்கத்தில் வருவான், வந்ததும் போன் அடிக்கும், அல்லது எங்காவது ஒரு பாத்திரம் விழும், அவன் திரும்பிப் போய்விடுவான், கல்யாணமான நாளிலிருந்து இதுதான் நடந்துகொண்டிருந்தது, லைனே அந்த இரண்டு பேருக்காக மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தது. போன் அடிக்கச் செய்வதும் பாத்திரத்தைத் தள்ளிவிடுவதும் வஜ்ரேஸ்வரியின் வேலை. அவள் புருவத்தைத் தூக்கினாளோ இல்லையோ, கூடத்தில் பத்து விரலும் நெட்டி முறியும், 'நீ வெளங்குவயாடி' என்று ஒரு குரல் தொடங்கும், மற்றவர்கள் ஆளுக்கொரு பிடி மண்ணை வாரித் திரையில் தூற்றுவார்கள். மண்ணுக்காகச் சந்துக்கு எழுந்து ஓடினால் கதை விட்டுப்போகும் என்று வேலாத்தாள் டிவிக்குப் பக்கத்திலேயே ஒரு அலுமினியத் தட்டு நிறைய மண் எடுத்து வைத்திருந்தாள். தீர்ந்தால் குழாயடியில் தோண்டி நிரப்புவது முறைவைத்து ஒவ்வொரு வீட்டின் பொறுப்பு.

தையல்காரி பரிமளா மட்டும் மண் தூற்ற மாட்டாள். அவள் வஜ்ரேஸ்வரி கட்சி. மற்றவர்கள் தூற்றி முடித்ததும் முந்தானையால் திரையைத் துடைத்துவிட்டு உட்காருவாள், அதற்காக வாங்கிக் கட்டிக்கொள்ளவும் செய்வாள்.

"பச்சப்புள்ள பால்ல வெசத்தக் கலக்கறவள தலையில தூக்கி வெச்சு ஆடறயே, நீயெல்லாம் ஒரு பொம்பளயா?" என்பாள் வேலாத்தாள்.

"அவ இல்லாட்டி ஒங்க தேன்மலரு என்னுங்க்கா பண்ணுவா? தக்காளி அரிஞ்சிட்டு நிப்பா. அத ஆரு உக்காந்து பாப்பா?" என்பாள் பரிமளா.

பேச்சு முற்றி, தேன்மலர் கட்சி குழாயின் இடப்பக்கமும் வஜ்ரேஸ்வரி கட்சி வலப்பக்கமும் குடம் வைக்கிற அளவுக்குப் போயிற்று. இதில் வேடிக்கை என்னவென்றால், மண் தூற்றிய அத்தனை பேரும் பரிமளாவிடம் கொடுத்துத் தைத்துக்கொண்டது வஜ்ரேஸ்வரியின் ரவிக்கைக் கழுத்துத்தான். தேன்மலர் கழுத்து வைத்துத் தை என்று கேட்டவள் லைனில் ஒருத்தியும் கிடையாது.

குங்குமக்கோட்டை இரண்டரைக்கு முடியும். முடிந்ததும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். உட்கார்ந்த இடத்திலேயே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். ஜன்னலுக்கு நேர் எதிரே, லைனில் அந்தக் கூடத்துக்கு வராத ஒரே பெண்ணான சுகுணாவின் வீடு. அவள் புருஷன் சென்னியப்பன் தறிப்பட்டறையிலிருந்து சாப்பாட்டுக்கு வரும் நேரம் அது. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்காருவான்; குழம்பில் உப்பு கூடியிருக்கும், அல்லது குறைந்திருக்கும், அல்லது சரியாக இருப்பதே அவனைக் குத்திக்காட்டுவதற்காக என்று இருக்கும்; தட்டு பறக்கும், பிறகு கை நீளும். கூடத்தில் உச்சுக்கொட்டுவார்கள், மூக்கைச் சிந்துவார்கள், சிலருக்கு நிஜமாகவே கண்ணீர் வந்துவிடும். சென்னியப்பன் கைகழுவிக்கொண்டு பட்டறைக்குத் திரும்பிய பிறகு, மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து எடுத்துப்போய்ச் சுகுணாவின் கன்னத்தில் பத்துப் போடுவார்கள். ஒருநாளும் யாரும் குறுக்கே போய் அவன் கையைப் பிடித்ததில்லை, ஒருநாளும் பத்துப் போட மறந்ததும் இல்லை. அவன்மேல் ஒரு பிடி மண் தூற்றவும் யாருக்கும் தோன்றியதில்லை. இரண்டரை மணிக்குள் தட்டில் மண் தீர்ந்துபோயிருக்கும் என்று நாம் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சுகுணாவின் மாமியார் நாச்சம்மாளும் அந்தக் கூடத்தில்தான் உட்கார்ந்திருப்பாள். "எம்பையனுக்குக் கோவம் வந்தா கண்ணு தெரியாது," என்று பக்கத்திலிருப்பவளிடம் சொல்வாள், மகனுக்குப் பெரிய உத்தியோகம் கிடைத்ததைச் சொல்வதுபோல.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு திங்கட்கிழமை, வஜ்ரேஸ்வரி மாடிப்படியில் இறங்கி வருகையில் படம் அப்படியே உறைந்து நின்றது. இனிமையான ஒரு பெண்குரல், "இனி வஜ்ரேஸ்வரி கதாபாத்திரத்தில், இவருக்குப் பதில் இவர்" என்றது. படம் மறுபடி அசைந்தபோது படியில் வேறொருத்தி இறங்கி வந்தாள். அதே புடவை, அதே நாகவங்கி, முகம் மட்டும் பள்ளிக்கூட டீச்சர் முகம். அன்றைக்குப் பரிமளா சாப்பிடவில்லை. தேன்மலர் கட்சிக்காரர்கள்கூட, இவளைப் பார்த்தால் மண்ணள்ளக் கையே வரவில்லையே என்று வருந்தினார்கள். ஆனால் வாரக்கடைசிக்குள் பழகிவிட்டது. கதைக்குள் ஆதவனும் தேன்மலரும் பெற்ற தாயும் உட்பட ஒருவரும் முகம் மாறியதைக் கவனிக்காதபோது, வெளியே இருப்பவர்கள் எத்தனை நாள்தான் கவனித்துக்கொண்டிருப்பது?

அடுத்த வாரம், கதை முடிந்து சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தபோது அந்தக் குரல் மறுபடி கேட்டது. இந்த முறை டிவியிலிருந்து வரவில்லை. சந்தின் கொடியில் காய்ந்த பாவாடைகளுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே எங்கிருந்தோ வந்தது. "இனி சென்னியப்பன் கதாபாத்திரத்தில், இவருக்குப் பதில் இவர்" என்று அவசரமில்லாமல் சொன்னது. சைக்கிள் மணி கேட்டது. சென்னியப்பனின் கட்டம் போட்ட லுங்கியும், சென்னியப்பனின் நீலச் சட்டையும், தலையில் பஞ்சுத்தூசியுமாக, தாடையில் மச்சம் வைத்த உயரமான ஒருவன் வந்து இறங்கினான். சைக்கிளைச் சுவரில் அதே இடத்தில் சாய்த்தான். கால் கழுவினான், உட்கார்ந்தான், ஒரு வாய் பிசைந்து உண்டான்.

"கொழம்பு நல்லாருக்குது சுகுணா. இன்னொரு கரண்டி ஊத்து," என்றான்.

சுகுணா ஒரு கையால் கரண்டியைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் கன்னத்தை மூடிக்கொண்டு நின்றாள்.

கூடத்தில் முதலில் வேலாத்தாள்தான் பேசினாள். "பழைய ஆளுக்கு இவரு ஒசரம்."

"சட்ட தோள்பட்டையில புடிக்குது பாருங்க. ரெண்டு பக்கமும் பிரிச்சுவுட்டா சரியாப் போயிரும்," என்றாள் பரிமளா.

நாச்சம்மாள் எழுந்து போய் அவன் எதிரே குத்தவைத்து உட்கார்ந்து, "ஏஞ்சாமி, சின்னதுல நீ கெணத்துல உழுந்தப்ப ஆரு தூக்குனா?" என்று கேட்டாள். "சின்ன மாமன், ஆத்தா. தூக்கி வெச்சதும் ஒரு அறை உட்டாரே," என்றான் அவன். நாச்சம்மாள் கூடத்தைப் பார்த்துத் திரும்பி, "எம்பையந்தான். மூக்கு மட்டும் அவங்கப்பன் மூக்காட்ட ஆயிப்போச்சு," என்று தீர்ப்புச் சொன்னாள். பட்டறை முதலாளி, தறி ஓடுகிறதா என்று மட்டும் பார்த்தார், ஓடியது. ரேஷன் கடை மிஷின் அவன் கட்டைவிரலை வாங்கிக்கொண்டு பச்சை விளக்குப் போட்டது. மாரியம்மன் கோயில் பூசாரி அதே பெயர், அதே நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்தார். பழைய சென்னியப்பன் எங்கே போனான் என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை, கேட்பது நாகரிகமும் இல்லை.

சுகுணா ஒருத்திக்குத்தான் அவ்வளவு சுலபமாக நம்பிக்கை வரவில்லை. தட்டு எப்போது பறக்கும் என்று பார்த்துக்கொண்டே பரிமாறினாள். முதல்நாள் பொழுது சாய்ந்ததும் அவன் பாயைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து, "நான் இங்க படுத்துக்கறேன். நீ உள்ள தாழ் போட்டுக்க," என்றான். ஆடி முழுக்கச் சந்தில்தான் படுத்தான். ஆவணி பிறந்து ஒரு சாயங்காலம், வேலை விட்டு வந்து அவன் வாசலில் உட்கார்ந்திருக்கையில் மழை பிடித்துக்கொண்டது. சுகுணா கதவைத் திறந்து கொஞ்ச நேரம் அவனைப் பார்த்துவிட்டு, "நனையறீங்கல்ல, உள்ளார வாங்க," என்றாள். வேலாத்தாள் கூடத்தில் முந்தானையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்கள், ஆதவனும் தேன்மலரும் ஒன்று சேர்ந்ததைப்போல ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள், ஒருத்தி பாயசமே வைத்துவிட்டாள். போன் அடிக்கவில்லை, பாத்திரம் விழவில்லை. மறுநாள் காலையில் அவன் ஆணியும் சுத்தியலும் எடுத்து, கூடத்தைப் பார்த்த ஜன்னலுக்குப் பூப்போட்ட ஒரு திரையை அடித்துத் தொங்கவிட்டான்.

சனியன் அந்தத் திரையில்தான் தொடங்கிற்று.

முதல் சில நாட்கள் பெண்கள் பொறுத்துக்கொண்டார்கள். இரண்டரை மணிக்கு வழக்கம்போலத் திரும்பி உட்கார்ந்தால், பூப்போட்ட துணி காற்றில் ஆடும். உள்ளே கரண்டிச் சத்தம் கேட்கும், இரண்டு பேர் மெதுவாகப் பேசுவது கேட்கும், நடுவில் ஒரு சிரிப்பு. என்ன பேசினார்கள் என்று, வீட்டுக்குள் போய்வந்த நாச்சம்மாளைக் கேட்டால், "வெண்டைக்கா வாங்குனதப் பத்திப் பேசுனாங்க," என்பாள். மறுநாள் கேட்டால், "கருவேப்பில கன்னு நடறதப் பத்தி," என்பாள். இதையெல்லாம் வைத்துக்கொண்டு ஒரு லைன் என்ன செய்யும்? போதாக்குறைக்கு டீச்சர் முகத்து வஜ்ரேஸ்வரி விஷத்தையே மருந்து கலக்குவதுபோலக் கலக்கினாள். தட்டில் மண் அப்படியே இருந்து இறுகிவிட்டது. பெண்களுக்குத் தலைவலி வந்தது, சாப்பாடு செரிக்கவில்லை.

சலிப்பு முற்றினால் சந்தேகமாகும். தொடர்ந்து நல்லவனாக இருக்கிறவன் பின்னால் பெரிய வில்லன் என்பது குங்குமக்கோட்டையில் எத்தனையோ முறை பார்த்த விஷயம் அல்லவா? சுகுணா குழாயடிக்குப் போன சமயம் ஒருத்தி அவள் குழம்பில் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டுவிட்டு வந்தாள். அவன் அதைச் சாப்பிட்டுவிட்டு இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தான். பரிமளா தன் கொண்டை ஊசி ஒன்றை அவன் சைக்கிள் கேரியரில் செருகி வைத்தாள். அவன் அதை எடுத்து வீடு வீடாக, "இது ஆருதுங்க, உழுந்து கெடந்துச்சு," என்று கேட்டுக்கொண்டு வந்து, கடைசியில் அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனான். பரிமளாவுக்கு அன்று வந்த எரிச்சலில் ஒரு ரவிக்கையின் கையைக் கழுத்தில் வைத்துத் தைத்துவிட்டாள்.

சுகுணாவோ கன்னம் மினுங்க, இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டு வாய்க்குள் ஏதோ பாட்டை முனகியபடி நடந்தாள். யாரிடமும் நின்று அழவில்லை. பத்து அரைக்கிற கல்லில் பாசி பிடித்தது.

அந்த நேரத்தில்தான் தேன்மலர் கட்சியும் வஜ்ரேஸ்வரி கட்சியும் முதல்முறையாகக் கைகோத்தன. டிவிக்காரர்களின் நம்பருக்கு ஆளாளுக்கு ஓயாமல் போன் போட்டு, பழைய வஜ்ரேஸ்வரியே வேண்டும், இல்லையென்றால் பார்க்கமாட்டோம் என்று சொன்னார்கள். மற்ற ஊர்களிலும் சொல்லியிருப்பார்கள். ஆனால் பழையவள் புருவத்தைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்த அன்றைக்கு, தங்களால்தான் வந்தாள் என்று லைன் பட்டாசு வெடித்தது. கைவலிக்க மண் தூற்றினார்கள். பரிமளா துடைத்தாள். வெகுநாள் கழித்து எல்லோருக்கும் நன்றாகப் பசித்தது.

பசித்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி உட்கார்ந்தால் பூப்போட்ட திரை.

"கேட்டதுக்குக் குடுத்துட்டாங்கல்ல," என்றாள் வேலாத்தாள் மெதுவாக. "இதையும் கேட்டா என்ன?"

யாரும் எதை என்று கேட்கவில்லை. டிவியின் சத்தத்தை அடக்கிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக் கைகூப்பி, கோயிலில் நிற்பதுபோல எல்லோரும் ஒரே குரலில், "பழைய சென்னியப்பனே வேணும்" என்றார்கள். நாச்சம்மாளும் சேர்ந்து சொன்னாள். புதுப் பையன் நல்லவன்தான், ஆனால் அவனுக்குக் கோபமே வராததால் மகனின் கோபத்தைச் சொல்லிப் பெருமைப்பட அவளுக்கு ஒன்றுமில்லாமல் போயிருந்தது. தினமும் சொன்னார்கள். அது சந்தைத் தாண்டி எதிர்வீட்டு அடுப்படி வரைக்கும் கேட்டது.

சுகுணா கையில் மாவோடு கூடத்து வாசலில் வந்து நின்றாள்.

"ஏனுங்கக்கா, நான் அடி வாங்கறதப் பாக்காம ஒங்களுக்குச் சோறு எறங்கலீங்களா?"

"என்ன கண்ணு இப்படிக் கேட்டுப்போட்டே," என்று வேலாத்தாள் பதறிவிட்டாள், நிஜமாகவே பதறினாள். "அடி வாங்கோணும்னு ஆரு சொன்னா? அவனா நெனச்சா நிறுத்தட்டும், நாங்க என்ன வேண்டாம்னா சொல்றோம்? நீ அழுதப்பெல்லாம் கூட உக்காந்து அழுதம். வேலயப் போட்டுப்போட்டு வந்து பத்துப் போட்டம். இப்ப நீ சிரிக்கறயே, ஒருத்தரக் கூப்புட்டு, வாங்கக்கான்னு சொன்னயா? துணிய அடிச்சுத் தொங்கவுட்டுட்டே."

"கட்டுன புருசன் கட்டுன புருசந்தான் சுகுணா," என்றாள் பரிமளா. "இவரு நல்லவருதான். ஆனா ஒரு விறுவிறுப்பு வேண்டாமா?"

சுகுணா அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். யாரிடமும் கெட்ட எண்ணம் இருப்பதாகத் தெரியவில்லை. மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு திரும்பினாள். அவள் சந்தைக் கடப்பதற்குள்ளேயே தண்ணீர்த் தொட்டிக்கு மேலே அந்தக் குரல் இனிமையாகக் கேட்டது. "நேயர்களின் பெருவாரியான விருப்பத்திற்கிணங்க, நாளை பிற்பகல் முதல், சென்னியப்பன் கதாபாத்திரத்தில் மீண்டும் பழையவர்." கூடத்தில் கைதட்டினார்கள்.

புதியவனும் அதைக் கேட்டான். கறிவேப்பிலைக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவன் மீதியையும் ஊற்றி முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"நாளைக்கு எங்க போவீங்க?" என்று கேட்டாள் சுகுணா.

"எங்க அனுப்பறாங்களோ அங்க. போன தடவ பவானியில ஒரு ஊடு. அதுக்கு முந்தி கரூரு. அங்கயும் நல்லாத்தான் இருந்துச்சு. பாக்கறவங்களுக்குத்தான் சலிச்சுப்போயிருது."

"எனக்குச் சலிக்கலயே. நான் வேண்டாம்னு சொன்னாக் கேக்க மாட்டாங்களா?"

"நீ கதைக்குள்ள இருக்கறவ புள்ள. உள்ள இருக்கறவங்க எத்தன கத்துனாலும் அவங்களுக்கு அது வசனம். உக்காந்து பாக்கறவங்க சொல்லோணும். ஒராளு சொன்னாலும் போதும், ஆனா பாக்கறவங்களா இருக்கோணும்."

சுகுணா அழவில்லை. அழுதால் எதிரே கேட்கும் என்ற எண்ணம் முதல்முறையாக அவளுக்கு வந்தது.

மறுநாள் லைன் நோம்பிபோல இருந்தது. தலைக்குக் குளித்து, கூடத்தைக் கழுவி, நல்ல இடம் கிடைக்க வேண்டுமென்று ஒன்றரைக்கே ஜன்னலோரம் பாய் போட்டுவிட்டார்கள். சுகுணா சோறும் குழம்பும் ஆக்கி இறக்கினாள், பூப்போட்ட திரையைத் தன் கையாலேயே கழற்றி மடித்து வைத்தாள், கதவை அகலத் திறந்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். "நானும் பாக்கறனுங்க்கா," என்றாள்.

"வா கண்ணு, வா. இத்தன நாளா இந்தப் பக்கமே எட்டிப் பாக்கலயே," என்று வேலாத்தாள் நகர்ந்து இடம் கொடுத்தாள். பெண்கள் நெகிழ்ந்துபோனார்கள். ஒருத்தி அவள் தலையை வருடிக்கொடுத்தாள்.

அவள் டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தாள். அந்த இடத்திலிருந்து தன் வீட்டை அவள் பார்ப்பது அதுதான் முதல்முறை. வெளுத்த நீலக் கதவு, கறிவேப்பிலைக் கன்று, உள்ளே, அன்று பட்டறைக்குப் போகாமல் தட்டைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதன். அடுப்படியில் உப்பு ஜாடியின் மூடிகூடத் தெளிவாகத் தெரிந்தது. அப்படியென்றால் மற்றதெல்லாம் இவர்களுக்கு எவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுப் பெண்மேல் அவளுக்கு அடக்க முடியாத இரக்கம் வந்தது, அந்த ஆணையும் பிடித்திருந்தது, இனி இவர்களுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்று இருந்தது.

டிவியில் குங்குமக்கோட்டையின் பாட்டு தொடங்கியது. சுகுணா கைகூப்பினாள்.

"எனக்கு இந்தக் கத இவ்வளவு போதும். நல்லபடியா இருக்காங்க. இத்தோட முடிச்சுருங்க," என்று உரக்கச் சொன்னாள்.

வேலாத்தாள் பாய்ந்து அவள் வாயைப் பொத்துவதற்குள் குரல் வந்துவிட்டது. "நேயர் விருப்பத்திற்கிணங்க, சுகுணாவின் கதை இத்துடன் இனிதே நிறைவு பெறுகிறது. இதுவரை பார்த்து ஆதரவளித்த அனைவருக்கும் நன்றி." சுகுணா எழுந்தாள். "அத்த, எந்திரிங்க, போலாம்," என்று நாச்சம்மாளைக் கைப்பிடித்து இழுத்தாள். "பாட்டு போட்டுட்டாங்கல்ல, நீ போ, நான் கத முடிஞ்சதும் வாரேன்," என்றாள் நாச்சம்மாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். சுகுணா ஒரு நொடி நின்றாள். பிறகு பெண்களைத் தாண்டி, சந்தைத் தாண்டி, ஓட்டமாக ஓடித் தன் வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள். பாட்டு முடிந்தபோது அந்த இடத்தில் கதவு இல்லை, ஜன்னல் இல்லை, கன்று இல்லை. இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் நடுவே சுண்ணாம்பு அடித்த வெறும் சுவர் இருந்தது. காதை வைத்தால் உள்ளே கரண்டிச் சத்தம் கேட்டது, கடுகு தாளிக்கும் வாசனை சுவரைத் தாண்டி வந்தது, பார்க்கத்தான் ஒன்றுமில்லை. முடிந்துபோன கதையை யார் பார்க்க முடியும்?

இரண்டரைக்குச் சைக்கிள் மணி அடித்தது. பழைய சென்னியப்பன் மக்கள் விருப்பப்படி வந்து சேர்ந்தான். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கதவைத் தேடினான், சுவரை நாலு குத்துக் குத்தினான், திரும்பினான். எதிரே ஜன்னல் நிறைய அவனையே பார்த்துக்கொண்டிருந்த முகங்கள் தெரிந்தன.

"ஆருடா என்னைக் கூப்புட்டது?" என்றான்.

பரிமளாவும் மற்றவர்களும் பின்வாசல் வழியாக எப்போது வெளியே போனார்கள் என்று தெரியவில்லை. அவன் கூடத்துக்குள் வந்தபோது வேலாத்தாளும் நாச்சம்மாளும் மட்டும் இருந்தார்கள். "வந்துட்டயா சாமி!" என்று நாச்சம்மாள் அவன் முகத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். அவன் டிவியைப் பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ரிமோட்டை எடுத்துக் கபடிப் போட்டி வைத்தான். சோறு எங்கே என்று கேட்டான். இது என் வீடு, எழுந்து போ என்று சொல்ல வேலாத்தாள் வாயெடுத்தாள். ஆனால் அவனுக்கு வேறு போக்கிடம் இல்லை என்பதும், அவனைக் கைதட்டி அழைத்தது யார் என்பதும் ஊருக்கே தெரிந்திருந்தது. அவள் போய்ச் சோறு போட்டுக்கொண்டு வந்தாள். ஒரு வாய் பிசைந்தான். குழம்பில் உப்பு சரியாக இருந்தது.

தட்டு வேலாத்தாளின் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. அவள் மூலையில் ஒண்டிக்கொண்டு, தலைக்குமேல் கையைத் தூக்கியபடி ஜன்னலைப் பார்த்தாள். வெளியே சந்தில் லைனின் பெண்கள் அத்தனை பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள், சிலர் கண்ணில் நிஜமாகவே நீர் நிறைந்திருந்தது.

"அடியே, ஆராச்சும் உள்ள வாங்களேண்டி," என்றாள் வேலாத்தாள்.

"சித்தெ இருங்கக்கா," என்றாள் பரிமளா, கம்பியில் முகத்தை இன்னும் நெருக்கிவைத்துக்கொண்டு. "அவரு என்னமோ சொல்ல வாராரு."